மூன்று முறை கழுவி எண்ணுதல்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

எறும்பு எழுதுகிறேன். உறையின் மேல் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பொடிப்பொடியாக ஊர்ந்து போகும் இந்தக் கையெழுத்துக்குத்தானே அந்தப் பெயர் வைத்தீர்கள். உங்கள் பழைய போன் எண் இப்போது யாரோ ஒரு பெரியவரிடம் இருக்கிறது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, "ஏம்மா, நான் உங்க அக்கா இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனே" என்று அலுத்துக்கொண்டார். அதன் பிறகு நம் ஆய்வக ஸ்டோர்ஸ்காரர்தான் பழைய பதிவேட்டைப் புரட்டி இந்த முகவரியை எடுத்துக் கொடுத்தார். "நல்லா இருக்காங்களான்னு கேளு. அவங்க இருந்த வரைக்கும்தான் எனக்கு ஒருத்தர் நன்றி சொன்னாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இங்கே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. நம் மேசை ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. இன்குபேட்டர் கதவை இப்போதும் இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மூடுகிறது. சாரின் வசனம் மட்டும் நீண்டுவிட்டது. யார் வந்தாலும் நிற்க வைத்துச் சொல்கிறார்: "நரம்புச் செல்லுங்க ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கறதுக்கு ஒரு ஒட்டுப் புரதம் இருக்கு. மூளைக் கட்டி அதையே பிடிச்சுக்கிட்டுத்தான் ஊர்ந்து பரவுது. அந்தப் பிடியத் தளர்த்துற மருந்த இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சா." அப்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு குப்பியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். நம் பதினேழாம் எண் சேர்மம்தான். அதைப் பற்றி நான் வெளியிட்ட கட்டுரையை நம்பி இப்போது மூன்று வெளி ஆய்வகங்கள் வேலை தொடங்கியிருக்கின்றன.

ஓர் உதவி வேண்டும். பதினேழை வைத்து நீங்கள் எட்டு மாதம் செய்த சோதனைகளின் எண்ணிக்கைகள் வீட்டில் பிரதியாக இருக்குமா? இங்கே உங்கள் நோட்டு அகப்படவில்லை. பழைய தாள்களை அடுக்கிவைக்கிறேன், அவ்வளவுதான்.

பாப்பா எந்த வகுப்பு? என்னை ஞாபகம் இருக்கிறதா?

அன்புடன்,
எறும்பு


பிப்ரவரி 19

என் அன்பு எறும்புக்கு,

ரெண்டு வருஷம் கழித்து ஞாபகம் வந்ததா உனக்கு? கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, உன் கையெழுத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பாப்பா மூன்றாம் வகுப்பு. "எறும்புச் சித்தியா? பேனாவுல பூ வரைஞ்சு குடுத்தாங்களே, அவங்களா?" என்று கேட்டாள். ஞாபகம் இருக்கிறது.

நான் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். முன்னறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும் வேலை. உள்ளே சோதனைக்கூடத்தில் ஆள் தேவைப்பட்டபோது மேலாளர் அம்மா என்னைத்தான் முதலில் கேட்டார். என் கை சரியில்லை என்றேன். அவர் என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து என்னிடம் கனமான ஃபைல்கூடத் தருவதில்லை.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் எறும்பு, கடைசி நாளில் சார் சொன்னாரே, "இது பாத்திரம் கழுவுற கைம்மா, பிப்பெட் பிடிக்கிற கை இல்ல" என்று, அது என்னோடு வீட்டுக்கே வந்துவிட்டது. இவரிடம் ஒரு தரம் சொல்லித் தொலைத்தேன். இப்போது நான் தட்டு கழுவும்போதெல்லாம், "மெதுவா, மெதுவா, செல் எல்லாம் போயிடப் போகுது" என்கிறார். விளையாட்டாகத்தான் சொல்கிறார். நானும் சிரித்துவிடுகிறேன்.

நீ கேட்ட தாள்கள் முப்பத்தொன்றும் இதோடு இருக்கின்றன. ஒன்றிலும் மருந்து வேலை செய்யவில்லை. சோதனைத் தட்டில் மருந்து போட்ட குழியிலும் போடாத குழியிலும் செல்கள் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உனக்கு மட்டும் எப்படி அவ்வளவு அழகாகக் கழன்று வந்தன என்று இன்றும் ஆச்சரியப்படுகிறேன். அடுக்கிவைக்கிறாயோ கிழித்துப் போடுகிறாயோ, உன் இஷ்டம். என்னிடம் இருந்தால் எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

என்னை வேலையிலிருந்து அனுப்பும் முன் நீ சாரிடம் எனக்காகப் பேசியதை நான் மறக்கவில்லை. ஸ்டோர்ஸ்காரருக்கு என் நன்றியைச் சொல். அவர் கணக்கில் ஒன்று கூடட்டும்.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய தாள்களை அடுக்கிவைக்கிறேன் என்று உங்களிடம் பொய் சொன்னேன். உங்கள் எண்கள் எனக்கு வேறு காரணத்துக்காக வேண்டியிருந்தன.

டிசம்பரில் ஆய்வகத்துக்குச் சோதனைத் தட்டு கழுவும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். தொண்ணூற்றாறு குழிக்கும் ஒரே நேரத்தில் உப்புக் கரைசலை ஊற்றி உறிஞ்சிவிடும். பிப்பெட்டால் குழி குழியாகக் கழுவி முதுகு விட்டுப்போகிறது என்று நான்தான் சாரிடம் கேட்டு வாங்கினேன். வழக்கம்போல இடப்பக்கம் வெறும் செல்கள், வலப்பக்கம் பதினேழு போட்ட செல்கள். மூன்று முறை கழுவி எண்ணினேன். என் கையால் செய்தபோது இடப்பக்கம் நூற்றுக்கு எண்பது மிஞ்சும், வலப்பக்கம் முப்பத்தைந்து. இயந்திரம் கழுவிய தட்டில் எண்பது, எழுபத்தெட்டு.

இயந்திரம் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் கழற்றி மாட்டினார், ஒவ்வொரு முனையிலும் தண்ணீரை அளந்து பார்த்தார். "ஒரு குறையும் இல்ல மேடம். எல்லாக் குழிக்கும் ஒரே வேகம்" என்றார். வலப்பக்கம் செல்கள் போக வேண்டும், போகவில்லை, அதனால் இது பழுதுதான் என்று நான் விடாமல் வாதாடினேன். அவர் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எந்தப் பக்கம் உங்க மருந்துன்னு மிஷினுக்குத் தெரியாதே மேடம்."



மறுநாள் ஸ்டோர்ஸ்காரரை அழைத்து, எந்த வரிசையில் பதினேழு என்பதை எனக்குத் தெரியாமல் மாற்றி வைக்கச் சொன்னேன். "என்னம்மா, சீட்டுக் குலுக்கற விளையாட்டா?" என்று கேட்டு, விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் கையாலேயே கழுவினேன். வித்தியாசம் இல்லை. ஐந்து தட்டு, ஐந்திலும் இல்லை. பிறகு விடையைத் தெரிந்துகொண்டு கழுவினேன். வித்தியாசம் வந்தது.

கடைசியாகப் போனை மேசையில் சாய்த்து வைத்து என் கையைப் படம் பிடித்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது. இடப்பக்கக் குழிகளில் பிப்பெட்டின் மேல் கட்டைவிரல் பூப்போல இறங்குகிறது. வலப்பக்கம் வந்ததும் சட்டென்று அழுத்துகிறது. கரைசல் பீய்ச்சிக்கொண்டு செல்கள் மேல் விழுகிறது. நான் அப்படிச் செய்ய நினைக்கவில்லை என்று எழுத வருகிறது. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது என் விரல்தான். அதை எழுபது முறையாவது பார்த்திருப்பேன். யாராவது அறைக்குள் வந்தால் போனைக் கவிழ்த்துவிடுகிறேன், பார்க்கக்கூடாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள் போல.

மருந்து எதையும் தளர்த்தவில்லை. உங்கள் முப்பத்தொரு தாளும் சரி. உங்கள் கை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கழுவியிருக்கிறது.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எறும்பு


மார்ச் 14

என் எறும்புக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் இவரைக் கூப்பிட்டு அந்த எண்பது, எழுபத்தெட்டு வரியைப் படித்துக் காட்டினேன். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ உன் கை நல்ல கைங்கறியா?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்கு ஏன் அழுற?" என்றார். பாப்பா வந்து என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள், எதற்கு என்று தெரியாமலே.

நீ உன்னையே போட்டு வதைத்துக்கொள்ளாதே. வேண்டுமென்றா செய்தாய்? ஆசைப்பட்டால் கை அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். நான் உப்புப் பார்க்கும்போதுகூட, குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் குறைவாகத்தான் தெரிகிறது. நீயாகத் தேடிக் கண்டுபிடித்தாய், நீயாக எழுதினாய். எத்தனை பேர் எழுதுவார்கள்? ஆனால் சாரிடம் உடனே சொல்லிவிடு. அந்த மூன்று ஆய்வகத்திலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து, தன் கை சரியில்லை என்று அழுதுகொண்டிருப்பாள். அதை நினைத்துப் பார்.

உன்மேல் எனக்கு வருத்தம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதுவரை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு முந்தின நாள் நீ சார் அறைக்குள் இருந்தாய். நான் வெளியே நடைபாதையில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். கதவின் கண்ணாடி வழியே உன்னைப் பார்த்தேன். சாரின் முதுகுதான் தெரிந்தது. நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். நம்ம எறும்பா இவ்வளவு பேசுகிறது, நாலு பேர் முன்னால் வாயே திறக்காதே என்று நினைத்தேன். எனக்காக ஒருத்தி இந்த அளவுக்கு மல்லுக்கட்டினாள், அது போதும் என்றுதான் மறுநாள் அழாமல் வெளியே வந்தேன்.

மேலாளர் அம்மாவிடம் சோதனைக்கூட வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டேன். வேறோர் இடத்தில் ஆய்வகப் பணிக்கும் விளம்பரம் வந்திருக்கிறது. எழுதிப் போடலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

உன் அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் ஆறு பதில் எழுதினேன். எல்லாவற்றிலும் ஏதாவது ஓர் இடத்தில் நான் நல்லவளாக இருந்தேன். அதனால் அனுப்பவில்லை.

சாரிடம் சொல்லிவிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, "மிஷினைத் திருப்பி அனுப்பிட்டா என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் பத்திரிகைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். மூன்று ஆய்வகங்களுக்கும் நானே எழுதினேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லித்தான் செய்தேன்.

இனி அந்தக் கண்ணாடிக் கதவைப் பற்றி.

நீங்கள் பார்த்தது உண்மை. நான் கையை ஆட்டினேன். அன்று நான் உங்களுக்காகப் பேசவில்லை. நீங்கள் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று சாருக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா இப்படித்தான் சார் பண்றாங்க" என்று சொல்லி, பாத்திரத்தைச் சுற்றித் தேய்த்துக் கவிழ்ப்பது போலச் செய்தேன். சார் சிரித்தார். சிரித்ததும் இன்னொரு முறை செய்தேன். "அது பாத்திரம் கழுவுற கை சார்" என்றேன். அந்த வாக்கியம் சாருடையது இல்லை, அக்கா. என்னுடையது. அவர் மறுநாள் அதை உங்களிடம் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக உங்கள் வீட்டில் தட்டு கழுவும் இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பது என் குரல்.

நீங்கள் அப்படிக் கழுவியதே இல்லை. அது எனக்குத் தெரியும். ஒரே மேசையில் இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் செய்தேன் என்பதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது இன்னும் மோசம். அதற்கு ஒரு மாதம் முன்னால் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் பாதியில் கிளம்பினீர்கள். உங்கள் தட்டை நான் கழுவினேன். நீங்கள் எந்தப் பக்கம் மருந்து போட்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. கழுவி எண்ணினால் வித்தியாசமே இல்லை. என் கையால் கழுவியது அது. உங்களுக்குச் செல்களைச் சரியாகப் பரப்பத் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தத் தட்டைக் குப்பையில் போட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. உள்ளே ஏதோ ஒன்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அங்கே இருக்கும் வரை, ஒவ்வொரு வாரமும் உங்கள் தாள் என் தாளுக்கு எதிராக வந்துகொண்டிருக்கும். நீங்கள் போய்விட்டால் வராது. அன்று இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் போன பிறகு நான் நன்றாகத் தூங்கினேன். அது ஞாபகம் இருக்கிறது.

போன கடிதத்தில் விரலைப் பற்றி மட்டும் எழுதினேன். விரல் தானாகச் செய்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதனால். நீங்கள் என்னைத் தேற்றி எழுதியதைப் படித்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அந்த வேலைக்கு எழுதிப் போடுங்கள். என்னிடம் யோசனை கேட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

எறும்பு என்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை. அது நீங்கள் வைத்த பெயர்.


மே 2

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மதிய இடைவேளையில் படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் நாற்பது ரிப்போர்ட் அடித்தேன். ஒன்றிலும் தப்பு இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விரல் செய்தது எனக்குப் புரிகிறது. பயந்து என்னைப் போக விட்டதுகூட ஒரு மாதிரி புரிகிறது. சார் சிரித்ததும் இன்னொரு முறை செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது முறை எனக்குப் புரியவில்லை. புரியவைத்து எழுத வேண்டாம்.

ஒன்று கேட்கத் தோன்றியது. இயந்திரம் வாங்காமல் இருந்திருந்தால்? இதற்கும் பதில் வேண்டாம்.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் தட்டு கழுவும்போது இவர் அந்தக் கேலியைச் சொல்வதில்லை. பாப்பா எறும்புச் சித்தி எப்போது வருவார்கள் என்று கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள்.

அந்த ஆய்வகப் பணிக்கு விண்ணப்பித்துவிட்டேன். முன்பு கூட வேலை பார்த்த ஒருவரின் சான்று கேட்கிறார்கள். சாரிடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. என் வேலையை அருகில் இருந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் கேட்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை. படிவம் உள்ளே இருக்கிறது. நிரப்பி நேராக அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். எனக்குப் பிரதி வேண்டாம். என்ன எழுதினீர்கள் என்றும் தெரிவிக்க வேண்டாம்.

தாள்கள் உங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
(கையெழுத்து)


மே 9

பெறுநர்: ஆய்வகத் தலைவர் அவர்கள்
பொருள்: பணி விண்ணப்பதாரர் பற்றிய சான்று

விண்ணப்பதாரரை உங்களுக்கு எவ்வாறு தெரியும்?

இரண்டு ஆண்டுகள் நாங்கள் ஒரே மேசையில் வேலை செய்தோம். நரம்புச் செல்களின் ஒட்டுப் புரதத்தைத் தடுக்கும் சேர்மங்களைச் சோதிப்பது எங்கள் பணி.

அவருடைய செய்முறைத் திறனைப் பற்றி எழுதவும்.

நான் பார்த்தவர்களில் மிகச் சீரான கை அவருடையது. ஒரே சோதனையை எட்டு மாதங்களில் முப்பத்தொரு முறை செய்தார். முப்பத்தொரு முறையும் சரியான விடையைப் பெற்றார். அந்த விடையை அங்கே யாரும் விரும்பவில்லை. ஒருமுறைகூட அவர் எண்ணிக்கையைத் திருத்தவில்லை.

அவர் முந்தைய பணியிலிருந்து விலகக் காரணம்?

அவர் விலகவில்லை; நீக்கப்பட்டார். அவருடைய முடிவுகள் என்னுடைய முடிவுகளோடு முரண்பட்டன. தவறு என்னுடையது. அவர் கவனமின்றி வேலை செய்கிறார் என்று எங்கள் ஆய்வகத் தலைவரிடம் சொன்னவள் நான். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். என் கட்டுரை இப்போது திரும்பப் பெறப்பட்டுள்ளது. அந்த அறிவிப்பின் பிரதியை இணைத்துள்ளேன். இங்கே எழுதியிருப்பதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

அவருடைய குறைகள் ஏதேனும் உண்டா?

உடன் வேலை செய்பவர்களை எளிதில் நம்பிவிடுவார்.

வாய்ப்பு இருந்தால் அவரை உங்கள் ஆய்வகத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்வேன். அவர் வரமாட்டார்.